டூன் பக்கிக்குப் பாடி கட்டிய கதை

என் இடது காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் அதை ஓரமாக வைத்துவிட்டு வண்டியைப் பற்றிப் பேசலாம். கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்தது. தொடையிலிருந்து பாதம்வரை இரும்புக் காலிப்பர் போட்டுக்கொள்கிறேன். கையில் ஒரு ஊன்றுகோல். வெளியே போவதற்கு, பின்னால் கூடுதலாக இரண்டு சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற சாலையில் ஒற்றை அறைக் கடை எடுத்து, கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரைந்து கொடுக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருக்கிறேன்.

இந்த வண்டிக் கதையைக் கேட்கிறவர்கள் உடனே காலையும் வண்டியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஓட முடியாத பெண், அதனால்தான் ஓடுகிற வண்டிமேல் ஆசை என்கிறார்கள். சிலர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வண்டி பிடித்தது, அது வண்டி என்பதால். இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஆண்கள் எத்தனையோ பேர் ரிமோட் கார் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

வண்டி எனக்கு வந்தது ஒரு குப்பைக் குவியலிலிருந்து. நான் பிளான் போட்டுக் கொடுத்த ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகிற அன்று, ஒரு கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று கழித்துப் போட்ட பொருள்களுக்கு நடுவில், மேல்மூடி நொறுங்கிய ஒரு ரிமோட் கார் கிடந்தது.

"இது குப்பைக்காங்க?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஆமாம்மா. பையன் காலேஜ் போயிட்டான். மேல இருந்த பாடி தூள்தூளாயிடுச்சு. வேணுமா? வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா?"

"எனக்குங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும், குனிந்து எடுத்து, துண்டால் தூசி தட்டிக் கொடுத்தார்.

கடையில் வைத்துப் பார்த்தபோதுதான் அது என்ன பொருள் என்று புரிந்தது. கடைத்தெருவில் விற்கிற பொம்மை கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், எண்ணெய் ஊற்றிய ஷாக் அப்சார்பர், அலுமினியத் தகட்டில் சேஸ் என்கிற அடிச்சட்டம். நிஜ வண்டியைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது மாதிரி. புது பேட்டரி வாங்கிப் போட்டு, கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் விட்டேன். விசையைத் தொட்டதும் பாய்ந்த பாய்ச்சலில் எனக்கு மூச்சு நின்றது. அந்த மனையின் கடைசி எல்லைக்கல்லை அது தொட்டுத் திரும்பியபோது, இதை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் மேல்மூடி இல்லாமல் ஓட்டினால் கல்லும் மண்ணும் மோட்டாருக்குள் போகிறது. பாடி வேண்டும். இணையத்தில் தேடினால் ரெடிமேடாகக் கிடைக்கிறது, ஆனால் என் சேஸின் நீளத்துக்கு எதுவும் சேரவில்லை. சேர்ந்தாலும் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான். தேடும்போது ஒரு படத்தில் டூன் பக்கியைப் பார்த்துவிட்டேன். மணல்மேடுகளில் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி அது. கதவு கிடையாது, கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. தொட்டி மாதிரி ஒரு உடம்பு, அதற்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற சக்கரங்கள், கவிழ்ந்தால் தலையைக் காக்க மேலே ஒரு குழாய்க் கூண்டு. அவ்வளவுதான். நாள் முழுக்கச் சுவர் வரைகிறவள் நான். ஈசானிய மூலையில் கக்கூஸ் வந்துவிட்டதென்று சண்டை போடுகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தச் சுவரை இந்தப் பக்கம், இந்தச் சுவரை அந்தப் பக்கம் என்று நகர்த்துவதே பிழைப்பு. சுவரே இல்லாத ஒன்றை வரையலாம் என்றதும் கை பரபரத்தது.

வீடு வரைகிற அதே மென்பொருளில்தான் வரைந்தேன். சேஸை அளந்து முதலில் அதைப் போட்டுக்கொண்டேன். பிறகு நான்கு சக்கரமும் எவ்வளவு உயரம் துள்ளும், திரும்பும்போது எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக் கோடு போட்டேன். அந்த இடத்துக்குள் பாடி வரக்கூடாது. வந்தால் சக்கரம் அதைத் தின்றுவிடும். மீதி இருந்த இடத்தில்தான் என் இஷ்டம். மட்கார்டு வளைவு சரியாக வர ஒரு வாரம் மல்லாடினேன். மூக்கை எத்தனை தடவை மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. கொஞ்சம் கூராக வைத்தால் எலி மாதிரி இருந்தது. மழுக்கினால் ஆட்டோ மாதிரி இருந்தது. பிளான் கேட்டு வந்த ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் வீடுங்க, ரௌண்டா இருக்கே" என்று கேட்டார்.

வீட்டில் விஷயம் தெரிந்தது, நான் படத்தை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்தபோது.

"இந்த வயசுல பொம்மை காரா?" என்றான் அண்ணன்.

"நீ ஞாயித்துக்கிழமை பூரா பைக்க தொடச்சிக்கிட்டு இருக்கியே. அது எந்த வயசுல?"

"அது ஓட்டற வண்டி."

"இதுவும் ஓட்டற வண்டிதான். ஏறி உக்கார முடியாது, அவ்வளவுதான்."

அவன் படத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தான். ஆனால் அம்மா அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார். "வெளிய யாருக்கும் சொல்லாத பாப்பா. ஏற்கனவே பாவம்னு பேசறாங்க. அப்பால புத்தியும் சரியில்லனு பேசுவாங்க."

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த காலத்தில் என்னென்ன பேச்சைக் கேட்டாரோ, அதெல்லாம் அவருக்குள் அப்படியே கிடக்கிறது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"பேசட்டும்மா" என்றேன். "ரெண்டுமே பொய்தானே."

மறுநாளே மாவுக்கட்டு வேலையைக் கூடத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், ஆரம்பித்தேன்.

மாவு என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். வீடுகளில் பொய்க்கூரை போடுகிறவர்கள் குழைப்பது. ரிமோட் கார்களின் பாடி மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வது. வேண்டிய உருவத்தில் ஒரு அச்சு செய்து, ஓட்டை போட்ட பெட்டிமேல் வைத்து, ஷீட்டைச் சூடாக்கித் தொய்ந்ததும் அச்சின்மேல் கவிழ்த்து, கீழேயிருந்து காற்றை உறிஞ்சினால் ஷீட் அச்சோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் கழற்றினால் பாடி. படிக்க எளிதாகத்தான் இருந்தது. என் படத்தைக் குறுக்குக் குறுக்காக வெட்டி அட்டையில் ஒட்டி எலும்புக்கூடு மாதிரி நிறுத்தி, இடைவெளியில் மாவை ஊற்றினேன். காய்ந்தபிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணி தினமும் கூடத்தைப் பெருக்கும்போது வெள்ளைத் தூசியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு ஒரு நாள், நான் கேட்காமலே, மூக்குப் பக்கம் ஒரு மேடு இருப்பதாகச் சொன்னாள். தடவிப் பார்த்தேன். இருந்தது.

ஷீட்டைச் சூடாக்க ஓவன் வேண்டும். என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி போளூர் ரோட்டில் பேக்கரி நடத்துகிறாள். புது ஓவன் வாங்கிய பிறகு பழையதைப் பின்கட்டில் போட்டு வைத்திருந்தாள். அதில் தின்பண்டம் எதுவும் சுடுவதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

"கரண்டு பில்லு ஜாஸ்தி வந்தா உன்னத்தான் ஒதைப்பேன்" என்றாள். "மத்தியானம் வாடி, கூட்டம் கம்மியா இருக்கும்."

பெட்டியை நானே ஒட்டுப்பலகையில் செய்து, ஒரு பழைய வாக்குவம் கிளீனரின் குழாயைச் செருகியிருந்தேன். முதல் ஷீட்டை ஓவனில் வைத்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது, சூடேற ஏற உள்ளுக்குள் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பூத்துவிட்டது. வெளியே எடுத்தால் அப்பளம். ஷீட்டில் ஈரம் இருந்திருக்கிறது. முதலில் குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது ஷீட் அச்சில் நன்றாக உட்கார்ந்தது. ஆனால் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து நின்றது. மூன்றாவதில் கொசுவம் இல்லை, கொப்புளம் இல்லை. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். ஆறிய பிறகு கழற்றப் பார்த்தால் வரவில்லை.

பின்பக்கத்தில் நான் ஆசைப்பட்டு ஒரு வளைவு வைத்திருந்தேன். மேலே அகன்று கீழே குறுகும் வளைவு. இட்லி ஏன் குழியிலிருந்து வருகிறது? குழி வாய்ப்பக்கம் அகன்றிருப்பதால். நான் குழியைத் தலைகீழாகச் செய்து வைத்திருந்தேன். பிளாஸ்டிக் அதைக் கவ்விக்கொண்டுவிட்டது. இழுத்தேன், தட்டினேன், கத்தியை விட்டு நெம்பினேன். அச்சு இரண்டாகப் பிளந்தது.

தோழி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தேங்காய் பன் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "விட்டுடுறியா?" என்று கேட்டாள். வாய் நிறைய பன் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். இல்லை என்று.

மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். இந்த முறை ஒரே துண்டாக வரவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டேன். தொட்டி தனி. பின்பக்கம் தனி, திருகாணியில் சேர்வது. கூண்டையும் சேர்த்துப் பிளாஸ்டிக்கில் இழுக்கப் பார்த்ததுதான் இரண்டாவது ஷீட்டில் கொசுவம் விழக் காரணம் என்பதால், கூண்டைச் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் வளைத்தேன். வேண்டிய இடத்தில் வளையாமல் வேண்டாத இடத்தில் வளைகிற கம்பி அது. பற்றவைப்பதை மட்டும் ஒரு வெல்டிங் கடையில் செய்துகொண்டேன். அவர் இது எந்தச் சாமிக்குத் தேர் என்று கேட்டார்.

நல்ல பாடி கிடைத்தது ஒரு பௌர்ணமி அன்று. பௌர்ணமியில் எங்கள் ஊரில் நினைத்த சாலையில் நினைத்த நேரத்தில் போக முடியாது. மத்தியானம் தாண்டினால் கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும், போலீஸ் தடுப்பு வைத்து வண்டியைத் திருப்பி விடுவார்கள். அதெல்லாம் தெரிந்தும், ஷீட் அன்று காய்ந்து தயாராக இருந்ததால் போனேன். இழுத்தோம். ஆறவிட்டு, அச்சைக் கவிழ்த்து, மெதுவாக ஒரு தட்டு. பொத்தென்று கழன்று என் மடியில் விழுந்தது. தோழி கடைக்குள் ஓடி, கல்லாவில் இருந்த தன் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் தடுப்பு. சுற்றிப் போகச் சொன்னார்கள், சுற்றிப் போன இடத்தில் இன்னொரு தடுப்பு. கூட்டம் கொஞ்சம் குறையட்டும் என்று ஸ்கூட்டரைப் புளியமரத்தடியில் நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் வலிக்காமல் இருக்கக் காலிப்பரைத் தளர்த்தி நீட்டி வைத்திருந்தேன். மடியில் பாடி. ஓரம் வெட்டாதது, பெயிண்ட் அடிக்காதது, தொட்டிப் பக்கம் மேலே பார்க்க இருந்தது. எனக்கு அதை எத்தனை நேரம் பார்த்தாலும் அலுக்கவில்லை. குனிந்து மட்கார்டு விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே டங்கென்று ஒரு சத்தம்.

ஒரு நாணயம்.

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், போட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது எனக்குப் புதிதில்லை. பஸ் நிலையத்தில், ஆஸ்பத்திரி வாசலில், ஒரு தடவை என் சொந்தக் கடை வாசலிலேயே நடந்திருக்கிறது. வழக்கமாக அந்த ஆள் போய்விட்டபிறகு, கோயில் உண்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடப் பார்ப்பேன். அன்று முடியவில்லை. அவர் என் கையில் போட்டிருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. அவர் போட்டது என் வண்டிக்குள்.

"ஐயா, வேட்டி கட்டினவரே, நில்லுங்க."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நான்கைந்து பேர் திரும்பினார்கள். அவரும் திரும்பினார்.

"இத எடுத்துக்கோங்க."

"பரவால்லம்மா, வெச்சுக்கோ. புண்ணியத்துக்குப் போட்டது."

"உங்க புண்ணியத்துக்கு நான் ஆள் இல்லீங்க. இது தட்டு இல்ல, வண்டியோட பாடி. நான் செஞ்சது. வந்து எடுங்க."

அவருக்கு முகம் சிவந்தது. கோபம்தான். நல்லது செய்தவரைக் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறாள் என்று பக்கத்தில் ஒரு அம்மா முணுமுணுத்தார். நான் பாடியை அவர் பக்கம் நீட்டியபடியே இருந்தேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் அவர் வந்து, நாணயத்தை எடுத்து, இடுப்பில் செருகிக்கொண்டார். போகாமல் நின்றார்.

"இன்னா வண்டி?" என்று கேட்டார்.

சொன்னேன். எது முன்பக்கம், சக்கரம் எங்கே வரும் என்று காட்டினேன். அவர் தலையசைத்துக் கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சரிம்மா, நேரமாச்சு" என்று சொல்லி நடந்தார். நான் எதிர்பார்த்ததைவிட எனக்கு லேசாக இருந்தது.

பெயிண்ட் அடிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த பாடிகளுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிப்பதில்லை, கல் பட்டால் உரிந்துவிடும். கண்ணாடி மாதிரியான ஷீட் என்பதால் உள்பக்கம் அடிக்க வேண்டும். எனவே எல்லாம் தலைகீழ். கடைசியாக அடிக்க வேண்டிய கறுப்புக் கோடுகளை முதலில் அடிக்க வேண்டும், அடிப்படை நிறம் கடைசியில். நான் ஆட்டோ மஞ்சள் அடித்தேன். ஏரி மண்ணில் தூரத்திலிருந்தும் தெரியும்.

ஏரி என்று சொன்னது, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வறண்ட ஏரியை. தண்ணீர் வற்றிய மாதங்களில், ரிமோட் கார் வைத்திருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே கூடுவார்கள். வாட்ஸாப் குழு ஒன்று இருந்தது. நடத்தியவர் எங்கள் ஊரில் மொபைல் கடை வைத்திருக்கிற ஒரு இளைஞர். குழுவில் சேர்ந்தபோது அவர் மிகவும் அன்பாகத்தான் பேசினார். "அக்கா, நீங்க சும்மா வந்து உக்காந்து பாருங்க. உங்க வண்டிய நான் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டறேன்" என்றார். என் வண்டியை நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். "சூப்பர்க்கா" என்று கைதட்டுகிற படம் அனுப்பினார்.

அந்த மாதம் போட்டி வைத்தார்கள். ஏரிக்குள் கயிறு கட்டி, மண் குவித்து, வளைந்து வளைந்து போகிற பாதை. ஓட்டுகிறவர்களுக்கு முழுப் பாதையும் தெரிய வேண்டும் என்பதற்காக டிராக்டர் டிரெய்லர் ஒன்றை நிறுத்தி, எல்லோரும் அதன்மேல் நின்று ஓட்ட ஏற்பாடு. எனக்கு மட்டும் கீழே, நிழலில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

உட்கார்ந்து பார்த்தேன். எதிரே இருந்த மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"தம்பி, இங்கிருந்து பாதி பாதை தெரியல."

"பரவால்லக்கா, அந்தப் பக்கம் வரும்போது நான் சொல்றேன். லெஃப்ட்டு, ரைட்டுனு."

"உங்களுக்கு யாரு சொல்வாங்க?"

"எனக்கு மேல இருந்து தெரியுமே."

"அப்ப நானும் மேல வரேன்."

இரண்டு பேர் என்னைத் தூக்கிவிட ஓடி வந்தார்கள். வேண்டாம் என்றேன். பின்பலகையை இறக்கச் சொன்னேன், அவ்வளவுதான் கேட்ட உதவி. ஊன்றுகோலை மேலே போட்டேன். டிரெய்லர் தரையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, உடம்பைத் திருப்பி, ஒரே எழும்பலில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் கைகளுக்குப் பலம் உண்டு. அவை சின்ன வயதிலிருந்து ஒரு காலின் வேலையையும் சேர்த்துப் பார்க்கின்றன. அப்படியே பின்னால் நகர்ந்து, பக்கப்பலகையைப் பிடித்து எழுந்து, காலிப்பரின் முழங்கால் பூட்டைப் போட்டு நின்றேன். சுடிதார் முழுக்க எரு வாசனை. மொபைல் கடைக்காரர் போனைத் தூக்கி என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது வண்டிகள். கிளம்பியதும் எழுந்த புழுதியில் எனக்கு முன்னால் இருந்தவை ஒன்றும் தெரியவில்லை, மஞ்சள் மட்டும் தெரிந்தது. வெடித்துக் கிடந்த ஏரி மண்ணில் சக்கரங்கள் நடனமாடின. மட்கார்டில் எதுவும் உரசவில்லை. அந்த ஒரு வாரத்து மல்லாட்டம் அங்கே பலித்தது. இரண்டாவது சுற்றில் மண்மேட்டில் வேகத்தை அடக்காமல் ஏற்றிவிட்டேன். வண்டி வானத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கூண்டின்மேல் விழுந்து, உருண்டு, தலைகீழாக நின்றது. கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்த வளைவுக்கு ஒருவர் நின்றிருந்தார். வந்து நிமிர்த்தினார். எல்லோருக்கும் இருக்கிற விதி அது, அதில் எனக்குக் கூச்சமில்லை. கூண்டு வளையவில்லை. பாடியில் ஒரு கீறல். மறுபடி ஓட்டினேன். அரிசி மில்காரர் ஒருவரின் விலையுயர்ந்த வண்டி பாடி கிழிந்து நடுவில் நின்றுபோனது. நான் ஆறாவதாக முடித்தேன்.

முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தார்கள். பிறகு மொபைல் கடைக்காரர் இன்னொரு கோப்பையை எடுத்தார். மற்றவற்றைவிடப் பெரியது. தன்னம்பிக்கைக்கான சிறப்புப் பரிசு என்று மைக்கில் சொல்லி, என் பக்கம் கையை நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஆறாவது வந்தவங்களுக்குக் கப்பு உண்டாங்க?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, இது வந்து..."

"அப்ப எனக்கும் இல்ல."

கைதட்டல் பாதியில் நின்றது. அவர் மைக்கைத் தாழ்த்தினார். "அக்கா, உங்க மனசு நோகணும்னு பண்ணல."

"தெரியுங்க. நல்ல மனசோடதான் பண்றீங்க. வண்டி நல்லா இருக்குதுனு ஒரு பரிசு வெச்சிருந்தா சொல்லுங்க, அதுக்கு நானும் போட்டி போடறேன். கஷ்டப்பட்டு மேல ஏறினதுக்குப் பரிசுன்னா எனக்கு வேணாம். கீழ இருந்து தெரியல, அதனால ஏறினேன்."

அவர் விடவில்லை. போனை என் முகத்துக்கு நேரே பிடித்து, "கடைசியா ஒரு கேள்விக்கா, இந்தக் கூண்டு உங்க பழைய கால் கம்பியில செஞ்சதா?" என்றார்.

"சைக்கிள் ஸ்போக்ஸ்" என்றேன்.

அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கால் கம்பியாக இருந்திருந்தால் அவருடைய வீடியோ நன்றாக ஓடியிருக்கும்.

கோப்பை டிரெய்லரிலேயே இருந்தது. எல்லோரும் என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்று சாமான் கட்டினார்கள். நான் வண்டியின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நரை மீசை வைத்த ஒருவர் வந்து, என்னைப் பார்க்காமல், மண்டியிட்டு வண்டியைப் பார்த்தார். ஊரில் பல் டாக்டர் என்று யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். ஐந்தாவதாக வந்தவர்.

"இது வாங்கினது இல்லையே" என்றார். "அச்சு எதுல பண்ணீங்க?"

"பிளாஸ்டர்லங்க."

"வாக்குவம் போட்டு இழுத்தீங்களா?" தலையசைத்தேன். அவர் விரலால் மட்கார்டு விளிம்பைத் தடவினார். "நாங்க பல்லுக்குக் கிளிப்பு இப்படித்தான் பண்றோம். பேஷண்டோட பல்ல பிளாஸ்டர்ல எடுத்து, அதுமேல ஷீட்ட இழுப்போம். மெஷின் இத்துனூண்டுதான் இருக்கும். நீங்க இவ்ளோ பெருச எப்படி இழுத்தீங்க?"

பேக்கரி ஓவனைச் சொன்னேன். கொப்புளத்தைச் சொன்னேன், அவர் "ஈரம்" என்றார். அச்சோடு கவ்விக்கொண்டதைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார். "பல்லுலயும் அதே தொல்லைதாங்க. கீழ குறுகினா கவ்விக்கும். நாங்க அந்த இடத்த மெழுகு வெச்சு அடைச்சிடுவோம். பின்பக்கத்த மட்டும் தனியா பிரிச்சிருக்கீங்களே, எதுக்குனு யோசிச்சேன்."

வெயில் ஏறும்வரை பேசினோம். ஷீட்டின் கனம், மூலைகளில் எவ்வளவு மெலிகிறது, அதை எப்படித் தடுக்கலாம். என் மூக்கு வடிவம் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னும் தாழ்ந்திருக்க வேண்டும் என்றார். தாழ்த்தினால் மண்மேட்டில் குத்தும் என்றேன். குத்தாது என்றார். அந்த ஏரிக்கு வந்த நேரத்திலிருந்து என்னோடு சண்டை போட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

வீடியோ மறுநாள் வந்துவிட்டது. நான் டிரெய்லரில் ஏறுவதை மெதுவாக ஓடவிட்டு, சோகமான வயலின் இசை போட்டு, 'கால் இல்லாவிட்டால் என்ன' என்று எழுதியிருந்தார்கள். வண்டி ஒரு நொடி தெரிந்தது. மொபைல் கடைக்காரருக்குப் போன் செய்து எடுக்கச் சொன்னேன். நிறைய பேர் பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள் என்றார். எனக்குக் கால் இருக்கிறது, இரண்டு இருக்கிறது, முதலில் அது தப்பு என்றேன். நீக்காவிட்டால் கடைக்கு நேரில் வந்து, கூட்டமாக இருக்கிற நேரத்தில் கேட்பேன் என்றும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நீக்கிவிட்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், தன் வண்டிக்குள் புழுதி போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டுச் செய்தி அனுப்பினார். வழி சொன்னேன். அவர் வண்டியோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

அடுத்த போட்டிக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும். இப்போது என்னைப் பார்த்ததும் பின்பலகையை இறக்கி வைக்கிறார்கள், யாரும் படம் பிடிப்பதில்லை. ஒரு தடவை நான்காவது வந்தேன், ஒரு தடவை கடைசி. கடைசியாக வந்த அன்று அண்ணன் இரவுச் சாப்பாட்டின்போது எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "டயர மாத்திப் பாரு" என்றான். டயரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். பைக் டயரைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். பாதி உபயோகமாக இருந்தது.

அம்மா இன்னும் வெளியே யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம் என்று எனக்குச் சொல்வதையும் நிறுத்திவிட்டார். கூடத்தில் இரண்டாவது பாடிக்கான அச்சு காய்ந்துகொண்டிருக்கிறது. பல் டாக்டர் சொல்லியும் இதன் மூக்கை நான் தாழ்த்தவில்லை.